பேனக் ஊரின் மீட் ஹோட்டலைப் பேய் பங்களா ஆக்காதீர்கள்: நம் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகக் குழுவினருக்கும், கோடைச் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்றிருக்கும் நண்பர்களுக்கும்,

ஜூலை மாதச் சுற்றுலாவுக்காக நீங்கள் வெளியிட்ட சுவரொட்டியைத் திரும்பப் பெறச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நீல கவுன் போட்ட ஒரு பெண்பிள்ளை, வாயோரம் ரத்தம், பின்னால் அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் மக்கள் விட்டுப் போன பழைய தங்க ஊரான பேனக்கின் மீட் ஹோட்டல், மேலே சொட்டுச் சொட்டாக வழிகிற எழுத்தில் 'பேய் ஹோட்டலில் ஒரு பகல்'. கீழே, பேயை முதலில் வீடியோ எடுக்கும் குழந்தைக்குப் பரிசு உண்டு என்று ஒரு வரி. வாட்ஸ்அப் குழுவில் இது வந்த அன்றே நிர்வாகிகள் சிலரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "எல்லாம் முடிவாகிவிட்டது, ஜாலியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேய் இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் யார் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள்?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த நீல கவுன் பெண்ணைப் பற்றி. அவள் கதைக்காக யாரோ உருவாக்கிய பாத்திரம் இல்லை. 1916 ஆகஸ்டில், பேனக்கை ஒட்டிய ஒரு குட்டையில் தோழிகளோடு இறங்கிய 16 வயதுப் பெண். அந்தக் குட்டை இயற்கையானது இல்லை. தங்கத்துக்காக ஓடைப் படுகையை ட்ரெட்ஜ் என்னும் மிதவை இயந்திரங்கள் தோண்டிக்கொண்டே போய் விட்டுவிட்ட பள்ளங்களில் ஒன்று. கரையோரம் முழங்கால் ஆழம் இருக்கும், ஓர் அடி தள்ளி வைத்தால் கால் தரையைத் தொடாது. தோழிகள் காப்பாற்றப்பட்டார்கள், இவள் மூழ்கிப் போனாள். அதற்குப் பிறகுதான் ஹோட்டல் மாடியில் நீல உடையில் ஓர் உருவம் தெரிகிறது என்ற பேச்சு கிளம்பியது. அவள் பெயர் ஊர் வரலாற்றில் இருக்கிறது. அதை இந்த மடலில் இழுக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீங்கள் சுவரொட்டியிலேயே போட்டிருக்கிறீர்கள்.

கல்யாணம் ஆகாமல் அகாலமாக இறந்துபோன பெண்ணை நம் ஊர்களில் என்ன செய்வோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வட மாவட்டத்துக் குடும்பங்களில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுப்புடவை, பூ, மஞ்சள் வைத்துப் படைப்போம். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்த வீட்டுக் குழந்தையிடம் போய், "உங்கள் பூவாடைக்காரியை வீடியோ எடுத்துக் கொண்டு வா, பரிசு தருகிறேன்" என்று நம்மில் யாராவது சொல்வோமா? வேறு ஊர், வேறு சாதி சனம் என்பதால் மட்டும் அந்தப் பெண் வேடிக்கைப் பொருளாகிவிடுவாளா? பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கே நான் வரவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. மூழ்கிச் செத்த ஒரு பிள்ளையின் முகத்தில் ரத்தம் பூசி டிக்கெட் விற்கக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து, "பேய் இல்லாவிட்டால் அங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்வி. இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பேனக்குக்குப் போன உறுப்பினர்களிலேயே பலருக்கு அந்தக் கட்டடம் ஹோட்டலாகக் கட்டப்பட்டதே இல்லை என்பது தெரியாது. போன சுற்றுலாவிலும் யாரும் சொல்லவில்லை.

1862 ஜூலை 28 அன்று கிராஸ்ஹாப்பர் ஓடையில் ஜான் வைட் என்பவரின் கூட்டம் தங்கத்தைக் கண்டது. செய்தி பரவி, அடுத்த வருடத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கூடாரமும் மரக்கட்டை வீடுமாகக் குவிந்துவிட்டார்கள். முறையான சட்டம் கிடையாது, அரசு நீதிமன்றம் கிடையாது. 1863-ல் ஹென்றி பிளம்மர் என்பவரை ஷெரீப்பாக, அதாவது ஊர்க் காவல் அதிகாரியாக, தேர்ந்தெடுத்தார்கள். வழிப்பறிக் கூட்டத்துக்கே அவர்தான் தலைவர் என்று சொல்லி, 1864 ஜனவரி 10 இரவில் ஊர்க்காரர்களே திரண்டு போய் அவரையும் அவருடைய உதவியாளர்கள் இருவரையும் தூக்கில் போட்டார்கள். விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. பிளம்மர் உண்மையிலேயே குற்றவாளியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். வாதாட வேண்டிய நேரத்தில் யாரும் வாதாடவில்லை என்பதுதான் கொடுமை. மறுநாளே ஒரு மெக்சிகோக்காரரின் குடிசையைச் சின்ன பீரங்கி வைத்துத் தகர்த்து அவரையும் கொன்றார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் செங்கல் கட்டடத்தின் முன்னால் போய் நில்லுங்கள். அது 1875-ல் கட்டப்பட்ட மாவட்ட நீதிமன்றம். பீவர்ஹெட் கவுன்ட்டியின் முதல் நீதிமன்றம் அதுதான். ஆன செலவு 14,000 டாலர். சுற்றிலும் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த வீடுகள், நடுவில் மாடியோடு நிமிர்ந்து நிற்கிற செங்கல் கட்டடம். தன் ஷெரீப்பை விசாரணையே இல்லாமல் தொங்கவிட்ட ஊர், பதினோரு வருடம் கழித்து, இனி வழக்கு என்றால் இங்கே வா என்று சொல்வதற்காகக் கட்டியது. அந்த வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். நான் என் மகளுக்குச் சொன்னேன். "அப்போ அவர் கெட்டவர் இல்லைன்னா என்னப்பா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். எந்தப் பேய்க் கதையும் அவளை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

அப்புறம் 1877. சங்கத்தில் யாருமே பேசாத வருடம் இது. அமெரிக்கப் பழங்குடியினரான நெஸ் பெர்ஸ் மக்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரில் நிமிபூ மக்கள், ஆரிகனில் இருந்த தங்கள் வலோவா பள்ளத்தாக்கை விட்டுப் போகச் சொல்லி விரட்டப்பட்டு, போர் மூண்டு, குழந்தை குட்டிகளோடும் குதிரைகளோடும் மலை தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 9 விடியற்காலை, பிக் ஹோல் ஆற்றங்கரையில் கூடாரங்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது அமெரிக்க ராணுவம் பாய்ந்தது. இறந்த நிமிபூ மக்கள் 60 முதல் 90 பேர் வரை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். ராணுவத் தரப்பிலும் பலர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் தெற்கு நோக்கி, அதாவது பேனக் பக்கமாக நகர்ந்தார்கள். வழியில் ஹார்ஸ் பிரெய்ரியில் பண்ணைக்காரர்கள் சிலர் கொல்லப்பட்டதும், சுற்றுவட்டார மக்கள் பதறியடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடி வந்தார்கள். எங்கே ஒளிந்தார்கள் தெரியுமா? அந்த நீதிமன்றத்தில்தான். ஊரிலேயே கெட்டியான சுவர் அதற்குத்தான் இருந்தது. பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே விட்டு, ஆண்கள் காவல் இருந்தார்கள்.

தாக்குதல் வரவே இல்லை. நிமிபூ மக்கள் பேனக்கைத் தொடாமல் கணவாய் வழியாக ஐடஹோவுக்குள் போய்விட்டார்கள். அக்டோபர் 5 அன்று, கனடா எல்லையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர்களுடைய தலைவர் ஜோசப் ராணுவத்திடம் சரணடைந்தார்.

இந்தக் கட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். செங்கல் சுவருக்கு உள்ளே குழந்தைகளை அணைத்துக்கொண்டு நடுங்கிய தாய்மார்கள். சில மைல் தூரத்தில், தங்கள் பிள்ளைகளை அப்போதுதான் புதைத்துவிட்டு, காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு போன தாய்மார்கள். இரண்டு பக்கத்துப் பயமும் உண்மை. ஆனால் ஒரு பக்கத்துக்குத்தான் சுவர் இருந்தது. நம்மில் சிலர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் மாதாகோயிலிலும் ஒதுங்கிக் கிடந்த இரவுகளை நேரில் கண்டவர்கள் நம் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், அந்தக் கட்டடத்தின் மாடியில் "ஊ" என்று கத்திப் பிள்ளைகளைப் பயமுறுத்தப் போகிறோமா?

ஹோட்டல் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. 1880-ல் டில்லன் ஊருக்கு ரயில் வந்தது. பேனக்குக்கு வரவில்லை. ரயில் போன இடத்துக்கு அரசு அலுவலகமும் போகும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும் விதி. 1881-ல் மாவட்டத் தலைநகரம் டில்லனுக்கு மாறியது. ஆறே வருடம் வழக்கு நடந்த கட்டடம் பூட்டிக் கிடந்தது. 1890 வாக்கில் டாக்டர் ஜான் சிங்கிள்டன் மீட் என்பவர் அதை 1,250 டாலருக்கு வாங்கினார். 14,000 டாலர் போட்டுக் கட்டியது, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஓர் ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் மீட் அப்படி நினைக்கவில்லை. நல்ல வசதியான தங்கும் விடுதியாக அதை மாற்றினார். கொஞ்ச காலம் அவர் நினைத்தது பலிக்கவும் செய்தது. 1895-ல் மின்சாரத்தில் ஓடும் தங்கத் தோண்டி மிதவை இங்கேதான் இறங்கியது, அமெரிக்காவிலேயே அதுதான் முதல். ஓடைப் படுகை மீண்டும் கலகலத்தது, ஹோட்டலும் கலகலத்தது. தங்கம் கிடைத்தால் திறப்பார்கள், கிடைக்காவிட்டால் மூடுவார்கள். இப்படியே 1940-கள் வரை இழுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அத்தியாவசியம் இல்லாத சுரங்கங்களை மூடச் சொல்லி 1942-ல் அரசு உத்தரவு போட்டதும் தங்கத் தொழிலே படுத்துவிட்டது. மக்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். 1954-ல் ஊர் மாநில அரசின் கைக்கு வந்தது, பூங்காவாக ஆனது. 1961-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்டது.

அந்த ஊரைப் பாதுகாக்கிறவர்கள் அதைப் புதுப்பித்து மெருகேற்றவில்லை. மக்கள் விட்டுப் போன நிலையில், மேலும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நம்மால் உள்ளே நடக்க முடிகிறது. மீட் ஹோட்டலுக்குள் கயிறு கட்டித் தடுக்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவில்லை. வளைந்து ஏறும் அந்தப் படிக்கட்டில் நாமே ஏறலாம். கைப்பிடி மரம் எத்தனையோ கை பட்டு வழுவழுப்பாக இருக்கும். மாடி அறைகளில் சுவர்ப்பூச்சு உரிந்து செதில் செதிலாகத் தொங்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரே தெரு, இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்துக்கு வெளுத்துப்போன மர வீடுகள், அதற்கு அப்பால் சேஜ் புதர் மண்டிய மொட்டை மலை. இவ்வளவையும் நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை நாம் எப்படிக் காப்பாற்றினோம்? போன சுற்றுலாவில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். ரீல்ஸ் எடுப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்தப் படிக்கட்டில் தடதடவென்று ஓடி இறங்கினார்கள். சரியாக வரவில்லை என்று மறுபடியும் ஏறி ஓடினார்கள். மரம் முனகியது என் காதில் விழுந்தது. கீழே நின்ற ஒரு வயதான தன்னார்வலர் அம்மா, கோபப்படாமல், "தயவுசெய்து ஒவ்வொருவராக" என்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டின் ஜன்னல் சட்டத்திலிருந்து ஒருவர் ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கையால் தட்டிச் செய்ததுபோல் சதுரமாக இருக்கும் பழைய காலத்து ஆணி. அடுத்த மாதக் கூட்டத்தில் அதை 'பேய் ஊர் ஆணி' என்று மேசை மேல் வைத்துக் காட்டினார்கள், கை தட்டினோம், நிர்வாகக் குழு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓர் ஆணிதானே என்று நினைக்கலாம். அந்த வீடுகளைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த ஆணிகள்தான். வருகிற ஒவ்வொரு குழுவும் ஒன்றைப் பிடுங்கினால் இன்னும் பத்து வருடத்தில் பார்க்க எதுவும் மிஞ்சாது.

எவ்வளவு எளிதில் மிஞ்சாமல் போகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 2013 ஜூலையில் மலையில் கொட்டிய மழையில் திடீர் வெள்ளம் தெருவுக்குள் புகுந்தது. பல கட்டடங்களுக்குள் சேறு ஏறியது. தங்கத்தைத் தரம் பார்க்கும் பழைய அலுவலகம் ஒன்று அடித்துக்கொண்டு போயே போய்விட்டது. 150 வருடம் தாங்கிய ஊருக்கு ஒரு சாயங்கால மழை போதுமானதாக இருந்தது. வெள்ளத்தை யாராலும் தடுக்க முடியாது. நம் கையையாவது நாம் கட்டுப்படுத்தலாம்.

"பூங்காக்காரர்களே அக்டோபரில் பேய் நடை நடத்துகிறார்களே" என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். உண்மைதான், நடத்துகிறார்கள். இரவில் விளக்கோடு கூட்டிப் போய், அந்தந்த வீட்டில் அந்தக் காலத்து உடையில் நடிகர்கள் ஊரின் கதையை நடித்துக் காட்டுவார்கள். தங்கள் ஊர், தங்கள் முன்னோர், தங்கள் துக்கம் என்ற உரிமையோடு, வரலாற்றைச் சொல்வதற்குப் பேயை ஒரு சாக்காக வைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர் கொடுக்கும் காசும் ஊருக்கே போய்ச் சேர்கிறது. நம் சுவரொட்டியில் வரலாறு ஒரு வரி கூட இல்லை. இரண்டும் ஒன்றென்று என்னால் ஏற்க முடியாது.

நம் பிள்ளைகள் இந்த மண்ணில் வளர்கிறார்கள். இந்த மண்ணின் கதையில் பாதியைப் பள்ளிக்கூடம் சொல்லும், மீதியை நாம்தான் சொல்ல வேண்டும். விரட்டப்பட்டவர்களின் கதையை, ரயில் வராததால் அழிந்த ஊரின் கதையை, வேலை தேடி மலை மலையாக அலைந்தவர்களின் கதையைச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தமிழ்ச் சங்கம் நடத்தும் சுற்றுலாவுக்கும் சுற்றுலா நிறுவனம் நடத்தும் சுற்றுலாவுக்கும் இந்த இடத்தில்தான் வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். அந்தச் சுவரொட்டியை உடனே எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். சுற்றுலாவின் பெயரை மாற்றுங்கள், 'பேனக்: ஒரு தங்க ஊரின் கதை' என்று வைத்தாலே போதும். பேயை வீடியோ எடுக்கும் போட்டியைக் கைவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஆசை இருந்தால், ஆளுக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று தமிழில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அதற்கான பரிசுச் செலவு முழுவதையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்.

பயணத் திட்டத்தில் பிக் ஹோல் போர்க்களத்தையும் சேருங்கள். பேனக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. கூடாரங்கள் இருந்த இடத்தில் வெறும் கம்புகளை நட்டு வைத்திருக்கிறார்கள், நடந்து போய்ப் பார்க்கலாம். மீட் ஹோட்டலை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பினால் கதையில் பாதிதான் கையில் இருக்கும். நெடுந்தூரம் என்று தயங்கினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருக்கும் அந்த்யாக்ஷரியை விட்டுவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் விதிமுறை கொடுங்கள். படிக்கட்டில் கூட்டமாக ஏறக் கூடாது, சுவரில் கிறுக்கக் கூடாது, கல், ஆணி, கண்ணாடித் துண்டு, ஓடையோரத்து மண் என்று எதையும் எடுத்து வரக் கூடாது. மீறினால் அடுத்த சுற்றுலாவில் இடம் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டணத்தில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, சங்கத்தின் பெயரில் பூங்காவின் பராமரிப்புக்குக் கொடுங்கள். எடுத்து வந்த ஆணியை, எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடும் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடும் பூங்கா அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். எடுத்தவர் பெயர் வெளியே வர வேண்டியதில்லை, சங்கத்தின் பெயரிலேயே அனுப்பலாம்.

முன்பதிவு முடிவதற்கு முன் நடக்கும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த மடலை விவாதப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்தோடு உறுப்பினர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சுவரொட்டி அப்படியே இருந்தால் என் குடும்பம் பதிவை ரத்து செய்யும். நீக்கினால், பேருந்திலேயே ஊரின் வரலாற்றை ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டு வர நான் தயார்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்